எல்லைக்கோட்டுக்கு வெளியேயும் விதிகள் உண்டு
இளையோர் விளையாட்டில் பிள்ளைகள், பயிற்றுநர், பார்வையாளர் ஆகியோரின் நன்னடத்தை

பத்து வயதுப் பிள்ளை ஒன்று பந்தைத் தவறவிடுகிறது. பந்து உருண்டோடிய திசையைப் பார்க்குமுன், எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்கும் தாயின் அல்லது தந்தையின் முகத்தை அது பார்க்கிறது. மெல்பேர்ணின் புறநகர்த் திடல்களில் சனி, ஞாயிறு காலைகளில் சற்று நேரம் நின்று கவனிப்போர் எவரும் இக்காட்சியைக் காணலாம். அந்த ஒரு கணத்தில் பிள்ளை அம்முகத்தில் எதைக் காண்கிறது என்பதைப் பொறுத்தே, அடுத்த பருவத்திலும் அது விளையாட விரும்புமா என்பது அமையக்கூடும்.

நமது நகரசபைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கிரிக்கெட், உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், ‘ஃபுட்டி’ எனப்படும் அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம் முதலிய பல விளையாட்டுகளில் கழகங்கள் வழியாக ஈடுபடுகின்றனர். கழகங்களின் நடத்தை விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைப்பதால், அவற்றை முழுமையாகப் படிக்கும் வாய்ப்பு எல்லாப் பெற்றோருக்கும் அமைவதில்லை. அவ்விதிகள் எவற்றைக் கோருகின்றன, ஏன் கோருகின்றன, பிள்ளைக்கு அநீதி நேர்ந்தால் எவ்வழியில் முறையிடுவது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒப்புக்கொண்ட கடப்பாடு

பிள்ளையை ஒரு கழகத்தில் பதிவுசெய்யும்போது, கட்டணம் செலுத்துவதற்கு முன்பாக ‘நடத்தை விதிகளை ஏற்றுக்கொள்கிறேன்’ என்னும் ஒரு கட்டம் இணையப் படிவத்தில் தோன்றும். பலர் அதனை ஒரு சம்பிரதாயமாகக் கருதிக் குறியிட்டுக் கடந்துவிடுகின்றனர். எனினும் அக்குறி ஓர் உடன்பாடாகும். அது விளையாடும் பிள்ளையை மட்டுமன்றி, பிள்ளையை அழைத்துவரும் பெற்றோரையும் பேரன் பேர்த்தியின் ஆட்டத்தைக் காணவரும் தாத்தா பாட்டியையும் சாரும்.

விக்டோரிய மாநில அரசு சமூக விளையாட்டுக்கென ‘நியாய ஆட்டக் கோவை’ ஒன்றை வகுத்துள்ளது. நேர்மை, மரியாதை, பொறுப்பு, நியாயம், பாதுகாப்பு என்னும் ஐந்து விழுமியங்கள் அதன் அடித்தளம். ஒவ்வொரு விளையாட்டின் மாநிலச் சங்கமும் உள்ளூர் லீக்கும் தத்தமக்குரிய விதிகளையும் கொண்டுள்ளன. விதியை மீறுவோரைக் கழகம் எச்சரிக்கலாம். திடலைவிட்டு வெளியேறக் கோரலாம். குறிப்பிட்ட காலத்துக்கு ஆட்டங்களுக்கு வராமல் தடுக்கலாம். ஆதரவாளர்களின் நடத்தைக்காகக் கழகமே லீக்கிடம் பதில் சொல்ல நேரும் சூழ்நிலைகளும் உண்டு.

இதே உடன்பாட்டுக்கு மற்றொரு முகமும் இருக்கிறது. கழகமும் அதற்குக் கட்டுப்பட்டதே. பிள்ளையை மரியாதையுடனும் பாதுகாப்பாகவும் நடத்துவது கழகத்தின் கடமை. அக்கடமை தவறும்போது கேள்வி எழுப்புவது பெற்றோரின் உரிமை. பெற்றோர் கடப்பாட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு, உடன்வரும் உரிமையை அறியாதிருத்தல் ஆகாது.

சிறுவர் ஆட்டம் ஏன் வேறுபட்டது

சிறுவர் ஆட்டங்கள் பெரியவர் ஆட்டத்தின் சுருக்கப்பட்ட வடிவங்கள் எனச் சிலர் எண்ணுகின்றனர். அவை வேறொரு நோக்கத்துக்காகவே அமைக்கப்பட்டவை. கிரிக்கெட்டில் முழு ஆடுதளத்தின் நீளம் ஏறத்தாழ 20 மீற்றர். தேசிய கிரிக்கெட் அமைப்பின் இளையோர் வடிவத்தில் முதற்கட்டப் பிள்ளைகள் 16 மீற்றர் ஆடுதளத்தில், அணிக்கு 7 பேராக ஆடுகின்றனர். அடுத்த கட்டத்தில் அது 18 மீற்றராகவும் அணிக்கு 9 பேராகவும் உயர்கிறது. உதைபந்தாட்டத்தின் ‘மினிறூஸ்’ திட்டத்தில் 6, 7 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 4 பேராகவும், 8, 9 வயதுக்குட்பட்டோர் 7 பேராகவும், 10, 11 வயதுக்குட்பட்டோர் 9 பேராகவும் ஆடுகின்றனர். அவ்வயதினருக்குப் புள்ளிப்பட்டியல் வைக்கப்படுவதில்லை.

இவ்வேற்பாடுகளின் காரணம் எளிது. திடல் சிறிதானால், ஆட்கள் குறைந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும். திறமை மிக்க ஒருவர் ஆட, ஏனையோர் நின்று பார்க்கும் நிலை தவிர்க்கப்படும். எனவே ‘என் பிள்ளை நன்றாக ஆடுகிறான், அவனை ஏன் வெளியே அமர்த்துகிறார்கள்?’ என்னும் கேள்விக்கு, அந்த வயதில் எல்லோருக்கும் சமமான ஆட்டநேரம் தருவதே நோக்கம் என்பது விடையாகும். சமமான வாய்ப்பு என்பது திறமை குறைந்த பிள்ளைக்குக் காட்டும் இரக்கம் அன்று. பதினொரு வயதில் பின்தங்கியிருக்கும் பிள்ளை பதினைந்து வயதில் எங்கே நிற்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

இங்கு வாழும் ஈழத்துப் பெற்றோர் பலர் பாடசாலைக் கிரிக்கெட்டின் ஆரவாரத்தில் வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ ஊர்த் திருவிழாவைப் போன்றது. வாத்திய முழக்கமும் கொடிகளும் எதிரணியைச் சீண்டும் கூச்சலும் அங்கு மரபாகவே ஏற்கப்பட்டுள்ளன. அங்கு ஆடுவோர் பாடசாலை வாழ்வின் இறுதியை நெருங்கிய இளைஞர்கள். சுற்றி நிற்போர் பெரும் கூட்டம். இங்கோ ஒன்பது வயதுப் பிள்ளைகள். சுற்றி நிற்போர் இருபது, முப்பது பேர். அத்தகைய திடலில் எழும் ஒவ்வொரு குரலும் யாருடையது, யாரை நோக்கியது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

விளையாடும் பிள்ளைகள்

பிள்ளைகளிடம் எதிர்பார்க்கப்படுபவை சிலவே: விதிப்படி ஆடுதல், நடுவரின் தீர்ப்பை வாதமின்றி ஏற்றல், எதிரணியினரையும் தன் அணியின் திறன் குறைந்தோரையும் எள்ளாதிருத்தல், வென்றாலும் தோற்றாலும் ஆட்ட முடிவில் எதிரணியினருடன் கைகுலுக்கி, நடுவருக்கும் பயிற்றுநருக்கும் நன்றி கூறுதல்.

இவற்றின் பொருளைப் பிள்ளைக்கு விளக்க இந்நகரிலேயே நிகழ்ந்த ஒரு சம்பவம் உண்டு. 1956ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி மெல்பேர்ண் ஒலிம்பிக் பூங்காவில் அவுஸ்திரேலிய ஒரு மைல் ஓட்டப் போட்டி நடைபெற்றது. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய உலகின் இரண்டாவது மனிதரான ஜோன் லாண்டி அதில் ஓடினார். மூன்றாவது சுற்றில் முன்னால் ஓடிய 19 வயது இளைஞர் ரொன் கிளார்க் தடுக்கி விழுந்தார். அவரைத் தாண்டிச் செல்லும்போது லாண்டியின் ஆணிக்காலணி கிளார்க்கின் மீது பட்டது. லாண்டி ஓட்டத்தை நிறுத்தினார், திரும்பி வந்தார், கிளார்க்குக்குப் பெரிய காயம் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே மீண்டும் ஓடத் தொடங்கினார். அதற்குள் ஏனையோர் வெகுதூரம் முன்னே சென்றுவிட்டனர். அவ்வாறிருந்தும் அவர் அவர்களை முந்தி வெற்றிபெற்றார்.

அதே ஆண்டு நவம்பரில் மெல்பேர்ணில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கியபோது, தீபத்தை ஏற்றியவர் கிளார்க். வீரர்கள் அனைவர் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் லாண்டி. பின்னாளில் லாண்டி விக்டோரிய மாநிலத்தின் ஆளுநராகவும் பணியாற்றினார். அவர் அன்று வெல்லாமல் போயிருந்தாலும் அச்செயலின் மதிப்பு குறைந்திராது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். திரும்பி வந்த கணத்தில் அவருக்கு வெற்றி கிட்டும் என்னும் உறுதி எதுவும் இருக்கவில்லை.

பயிற்றுநரின் பொறுப்பு

இளையோர் அணிகளின் பயிற்றுநர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பலர் அதே அணியிலுள்ள ஒரு பிள்ளையின் பெற்றோர். விக்டோரியாவில் சிறுவர்களுடன் பணிபுரிவோருக்கான தகுதிச் சோதனையைச் சட்டம் வகுத்துள்ளது. தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. பயிற்றுநரிடம் அவ்வனுமதி உள்ளதா எனக் கழகத்திடம் வினவுவது பெற்றோரின் உரிமை. அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்ளத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் விக்டோரியாவில் நடைமுறையிலுள்ள 11 சிறுவர் பாதுகாப்புத் தரநிலைகளும் விளையாட்டுக் கழகங்களை உள்ளடக்குகின்றன. பிள்ளைகள் தங்கள் உரிமைகளை அறிந்திருக்க வேண்டும், அவர்கள் சொல்வது செவிமடுக்கப்பட வேண்டும் என்பன அத்தரநிலைகளுள் அடங்கும்.

பயிற்றுநரின் சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கும் மெல்பேர்ணிலேயே ஒரு சான்று உள்ளது. 1981ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் தேதி மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடிய ஒருநாள் போட்டியில், கடைசிப் பந்தில் ஆறு ஓட்டங்கள் எடுத்தால் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன்செய்யலாம் என்னும் நிலை எழுந்தது. அவுஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சப்பல், பந்துவீசவிருந்த தன் தம்பி ட்ரெவர் சப்பலிடம், பந்தைக் கீழ்க்கையாகத் தரையில் உருட்டிவிடுமாறு பணித்தார். தம்பி அவ்வாறே செய்தார். உருளும் பந்தை ஆறு ஓட்டங்களுக்கு அடிக்க இயலாது. அன்றைய விதிகள் அதனைத் தடைசெய்யவில்லை, அவுஸ்திரேலியா வென்றது. ஆயினும் இரு நாடுகளிலும் கடும் கண்டனம் எழுந்தது. பின்னர் விதியும் மாற்றப்பட்டது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. விதி அனுமதிக்கும் செயல்கள் அனைத்தும் முறையான செயல்கள் ஆகிவிடா என்பது ஒன்று. கட்டளையிட்டவர் அண்ணன் என்றாலும், பந்தை உருட்டியவர் என்ற பெயரை வாழ்நாள் முழுவதும் சுமக்க நேர்ந்தவர் தம்பி என்பது மற்றொன்று. ‘நடுவர் பார்க்காதபோது சட்டையைப் பிடித்திழு’ என்றோ, ‘நேரத்தைக் கடத்துவதற்காக வலியால் விழுந்தவன்போல் கிட’ என்றோ ஒரு பெரியவர் சொன்னால், பிள்ளை அதனைச் செய்யும். பழியும் பிள்ளைக்கே சேரும். கீழ்ப்படிதலைப் பெருமையாகக் கற்பிக்கும் குடும்பங்களில் வளரும் பிள்ளைக்கு மறுத்துப் பேசுவது மேலும் கடினம். பெரியவர்கள் தங்கள் சொற்களை அளந்து பேச வேண்டியதற்கு இதுவே முதற்காரணம்.

எல்லைக்கோட்டில் நிற்போர்

கைதட்டி ஊக்குவிப்பதை எந்த விதியும் தடுப்பதில்லை. எதிரணிப் பிள்ளையின் நல்ல ஆட்டத்துக்கும் கைதட்டுவது பெரிதும் வரவேற்கப்படுகிறது. தவிர்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, வெளியிலிருந்து பயிற்சியளித்தல். ‘ஓடு’, ‘அடி’, ‘அவனிடம் கொடு’ எனப் பெற்றோர் ஒரு பக்கமும் பயிற்றுநர் மறுபக்கமும் கூவும்போது, பிள்ளை எந்தக் குரலைக் கேட்பது? தானே பார்த்து, தானே முடிவெடுக்கப் பழகுவதற்காகவே பிள்ளை திடலுக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது, தமிழில் ஏசினால் யாருக்கும் விளங்காது என்னும் எண்ணம். சொல் விளங்காவிட்டாலும் குரலின் கடுமையும் முகத்தின் சினமும் எல்லோருக்கும் விளங்கும். அணியில் தமிழ் தெரிந்த ஒரே பிள்ளை தம் பிள்ளையாக இருந்தால், அச்சொற்களின் முழுப் பாரமும் அப்பிள்ளையின் மீதே இறங்கும். ‘உன் அப்பா என்ன சொல்கிறார்?’ எனத் தோழர்கள் கேட்கும்போது அதற்கு விடை சொல்ல வேண்டியதும் அப்பிள்ளையே. தாய்மொழி கண்டிப்பின் மொழியாக மட்டும் திடலில் ஒலித்தால், பிள்ளை அதனைக் கேட்டு வெட்கப்படத் தொடங்கும். அதே மொழியில் ‘நல்லாய் விளையாடினாய்’ என்று ஒலித்தால் பிள்ளை பெருமையுடன் திரும்பிப் பார்க்கும்.

மூன்றாவது, ஒப்பிடுதல். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு தம் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒப்பிடும் பழக்கம் திடலுக்கும் தொடர்ந்து வருவதுண்டு. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் காரில், பிள்ளை தப்பிச் செல்ல இடமில்லை. அந்த இருபது நிமிடமும் தவறுகளின் பட்டியலைக் கேட்க நேர்ந்தால், வென்ற ஆட்டமும் பிள்ளைக்குக் கசந்துவிடும். ‘இன்றைக்கு எது பிடித்திருந்தது?’ என்று கேட்டுவிட்டு, பிள்ளை பேச விரும்பாவிட்டால் பேசாமலிருப்பது நலம்.

நான்காவது, படமெடுத்தல். தம் பிள்ளையோடு பிறர் பிள்ளைகளும் இடம்பெறும் படங்களைச் சமூக ஊடகங்களில் பகிருமுன் உரிய பெற்றோரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும்.

தன்னார்வப் பணிகளில் பங்கேற்பதும் நன்னடத்தையின் ஒரு பகுதியே. ஓட்டங்களைக் குறித்தல், சிற்றுண்டிச் சாலையில் உதவுதல், கொடிகளையும் கூம்புகளையும் எடுத்துவைத்தல் முதலிய பணிகளைப் பெற்றோர் முறைவைத்துச் செய்கின்றனர். பிள்ளையை இறக்கிவிட்டுச் செல்வோருக்கு அணியின் ஏனைய பெற்றோரை அறியும் வாய்ப்பு அமைவதில்லை. அவ்வறிமுகம் பின்னொரு நாள் ஏதேனும் சிக்கல் எழும்போது பெரிதும் துணைநிற்கும்.

நடுவரும் ஒரு பிள்ளையாக இருக்கலாம்

இளையோர் ஆட்டங்களில் ஊதலை ஏந்தி நிற்பவர் பல வேளைகளில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையே. விதிகளைக் கற்று, பயிற்சி பெற்று, முதன்முதலாகச் சிறு ஊதியம் ஈட்ட வந்திருக்கும் மாணவர் அவர். வளர்ந்த ஒருவர் அவரை நோக்கிக் கத்துவது, ஒரு சிறுவரை ஒரு பெரியவர் பொது இடத்தில் அச்சுறுத்துவதாகும். அதற்கு விளையாட்டு என்னும் பெயர் காப்பாகாது.

நடுவர் தவறு செய்வார். அதை மறுப்பார் எவருமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை பந்தைத் தவறவிடுவதைப் பொறுத்துக்கொள்ளும் நாம், பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு தீர்ப்பில் தவறுவதையும் பொறுத்துக்கொள்ள இயலும். நடுவர்கள் பணியைக் கைவிட்டால், நடுவரின்றி ஆட்டம் இல்லை. தீர்ப்பைப் பற்றிக் கேள்வி இருப்பின், அணியின் பயிற்றுநரோ மேலாளரோ ஆட்டம் முடிந்தபின் உரிய முறையில் கேட்கலாம். பெற்றோர் திடலுக்குள் இறங்குதல் ஒருபோதும் ஏற்கப்படுவதில்லை. எவரையேனும் அடித்தலோ, அடிப்பதாக அச்சுறுத்தலோ கழக விதியைக் கடந்து குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள் சென்றுவிடும்.

அநீதி நேரும்போது

நன்னடத்தை என்பது எதனையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்வது என்று பொருள்படாது. தோலின் நிறத்தையோ பெயரையோ உணவையோ மதத்தையோ இழித்துப் பேசுவது விளையாட்டின் பகுதி அன்று. 1993ஆம் ஆண்டு ஏப்ரலில் மெல்பேர்ண் விக்டோரியா பூங்காவில், பார்வையாளர்களின் இனவசைக்கு உள்ளான சென் கில்டா அணியின் பூர்வகுடி வீரர் நிக்கி வின்மார், தன் மேற்சட்டையை உயர்த்தித் தன் தோலைச் சுட்டிக்காட்டி நின்றார். அந்நிழற்படம் இந்நாட்டு விளையாட்டு வரலாற்றில் அழியா இடம்பெற்றது. இரண்டு ஆண்டுகளின் பின், எசென்டன் அணியின் பூர்வகுடி வீரர் மைக்கல் லோங் ஆட்டத்தின்போது தனக்கு நேர்ந்த இனவசையைப் பற்றி முறையிட்டதைத் தொடர்ந்து, 1995இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் இனவசைக்கு எதிரான விதியை இயற்றியது. இன்று பிள்ளைகளைக் காக்கும் விதிகள் இவ்வாறு முறையிட்டோரால் கிடைத்தவை.

பிள்ளைக்கு இத்தகைய அநீதி நேர்ந்தால் பின்வரும் ஒழுங்கில் செயற்படலாம்.

ஒன்று: பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். ‘இதெல்லாம் பெரிதுபடுத்தாதே’ என்று முடித்துவிடலாகாது.

இரண்டு: எதிரணிப் பிள்ளையையோ அதன் பெற்றோரையோ நேரில் எதிர்கொள்ளலாகாது. நேர்ந்ததை உடனே அணியின் மேலாளரிடம் தெரிவிக்கலாம். ஆட்டநேரம், அணித்தேர்வு போன்ற குறைகளாயின் ஒருநாள் பொறுத்து, சினம் தணிந்தபின் பேசுவது நன்று.

மூன்று: நாள், நேரம், திடல், வயதுப்பிரிவு, சொல்லப்பட்ட சொற்கள், கேட்டோர் யார் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். நினைவு மங்கும், எழுத்து நிற்கும்.

நான்கு: கழகத்தின் முறைப்பாட்டுக்குப் பொறுப்பான அலுவலருக்கு எழுத்தில் முறையிட வேண்டும். கழகம் செயற்படாவிடின் லீக்கிடமும், பின்னர் மாநிலச் சங்கத்திடமும் கொண்டுசெல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் கேட்ட பின்னரே முடிவெடுக்கப்படும். இது தாமதமாகத் தோன்றினாலும், தம் பிள்ளைமீது யாரேனும் குற்றம் சாட்டும் நாளில் அதே ஒழுங்கு தம் பிள்ளையையும் காக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐந்து: விளையாட்டில் இனம் முதலிய காரணங்களால் பாகுபாடு காட்டுவதை விக்டோரியாவின் சம வாய்ப்புச் சட்டம் 2010 தடைசெய்கிறது. விக்டோரிய சம வாய்ப்பு மற்றும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் கட்டணமின்றி முறையிடலாம். உடனடி ஆபத்து இருப்பின் 000 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

இந்நடவடிக்கைகள் எதிலும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது. தனக்கு நேர்ந்த இழிவைத் தானே பெரியவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எப்பிள்ளைக்கும் வரக்கூடாது. அரச அலுவலகங்களையும் நகரசபையையும் தொடர்புகொள்ள, தேசிய மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.

நகரசபைக்கு உரியது எது

பொதுத் திடல்களும் அவற்றிலுள்ள உடைமாற்றும் அறைகளும் பெரும்பாலும் நகரசபையின் பராமரிப்பில் உள்ளன. கழகங்கள் பருவந்தோறும் அனுமதிபெற்று அவற்றைப் பயன்படுத்துகின்றன. திடலில் பள்ளம், உடைந்த வேலி, எரியாத விளக்கு முதலிய குறைகளை நகரசபைக்கு அறிவிக்கலாம். ஆட்டத்தின்போது எழும் நடத்தை சார்ந்த முறைப்பாடுகளுக்கு முதற்படி கழகமே.

பருவம் தொடங்குமுன் பெற்றோர் ஒரு மாலைப்பொழுதைக் கழகத்தின் நடத்தை விதிகளைப் படிப்பதற்கு ஒதுக்கலாம். விளங்காத பகுதியைக் கழகத்திடம் கேட்டறியலாம். பிள்ளையையும் அருகில் அமர்த்தி, ‘நான் திடலில் எப்படி நிற்க வேண்டும் என்று நீ விரும்புகிறாய்?’ எனக் கேட்கலாம். பிள்ளை சொல்லும் விடை, அச்சிட்ட விதிகளைவிடத் தெளிவாக இருக்கக்கூடும்.